அம்மாவுக்கு ரேடியேஷன், டெய்லி பார்க்கிங் காசு: வரியில காட்ட முடியுமா?

கேள்வி: அண்ணே, எங்களுக்கு மார்த்தாண்டம் பக்கம். அம்மாவுக்கு 64 வயசு, மார்புல கேன்சர், ஆபரேஷனும் கீமோவும் முடிஞ்சு இப்போ திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரியில ரேடியேஷன், மொத்தம் 25 நாள். நான்தான் லீவு போட்டு கார்ல கொண்டு போறேன். உள்ள இடம் கிடைக்கவே மாட்டேங்குது, கிடைச்சாலும் 50 ரூபா டோக்கன். இங்கிலாந்துல நர்ஸா இருக்க அக்கா, அங்கெல்லாம் இப்படி வர்றவங்களுக்கு பார்க்கிங் ஃப்ரீ, பேட்ஜ் எல்லாம் உண்டுன்னு சொல்றா. நாமளும் மாற்றுத்திறனாளி கார்டு எடுத்தா ஃப்ரீயா விடுவாங்களா? இந்த செலவ டாக்ஸ்ல காட்ட முடியுமா?

பதில்: தம்பி, அக்கா சொல்றது சரிதான். இங்கிலாந்துல என்ஹெச்எஸ்ங்கற அரசு ஆஸ்பத்திரியில, நடக்க கஷ்டப்படறவங்களுக்கு பார்க்கிங்குக்காக குடுக்கற ப்ளூ பேட்ஜ் இருக்கவங்களுக்கும், மாசம் மூணு தடவையாவது, மூணு மாசமாவது தொடர்ந்து வர்ற நோயாளிகளுக்கும் பார்க்கிங் ஃப்ரீ. ஆனா அங்கயும் கேன்சர்னு சொன்ன உடனே ப்ளூ பேட்ஜ் கையில குடுத்துர மாட்டாங்க, நடக்க எவ்வளவு கஷ்டம்னு பாத்துதான் குடுப்பாங்க.

இங்க கதை வேற. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, அதுல கேன்சர் இல்ல. எலும்புல கட்டி வந்து கால எடுத்தவங்க மாதிரி நிலமையில 40 சதவீதத்துக்கு மேல சர்டிபிகேட் கிடைக்கும், அவங்க ஸ்வாவ்லம்பன்ங்கற அரசு வெப்சைட்ல அப்ளை பண்ணி ஆசாரிப்பள்ளம் மாதிரி அரசு ஆஸ்பத்திரியில காட்டி யுடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டு வாங்கணும். அப்படி ஒருத்தர் வீட்டுல இருந்தா அவரை பாத்துக்கிற நம்ம வருமானத்துல 80டிடி-ன்னு சொல்ற வரிச் சலுகையில 75,000 கழிக்கலாம், பில்லே கேக்க மாட்டாங்க. கார்டோட பெரிய லாபம் அதுதான், 50 ரூபா டோக்கன் இல்ல. உங்க அம்மாவுக்கு இப்போதைக்கு அது பொருந்தாது, அதுக்காக அலையாதீங்க.

அப்புறம் கணக்க ஒரு தடவை போட்டு பாருங்க. டோக்கன் 25 நாளுக்கு 1,250. போக வர எண்பது கிலோமீட்டருக்கு மேல, லிட்டருக்கு 15 கிடைச்சாலும் தினம் 550 ரூபா பெட்ரோல், 25 நாளுக்கு 14,000-ஐ நெருங்குது. அதுக்கும் மேல உங்க லீவு, சம்பளம் பிடிச்சா ஒரு மாச சம்பளமே காலி, அதத்தான் முதல்ல பாக்கணும், நாம என்னவோ கண்ணுக்கு முன்னாடி நிக்கற டோக்கன்காரன்கிட்டயே சண்டை போட்டுட்டு நிக்கறோம் :)

மெஷின்ல படுக்கற நேரம் கொஞ்சம்தான், காத்திருக்கறதுதான் ஜாஸ்தி. அதனால ரேடியேஷன் பிரிவுல கேட்டு காலைல முதல் ஸ்லாட் வாங்க பாருங்க, கிடைச்சா அரை நாள் வேலையாவது மிஞ்சும். கூட ஒரு ஆள் வந்தா அம்மாவ வாசல்லயே இறக்கி விட்டுட்டு நீங்க வெளிய வண்டியிலயே இருங்க, முடிஞ்சதும் ஒரு போன், டோக்கனே வேண்டாம். டாக்டர் கிட்ட தினம் ட்ரீட்மென்ட்டுக்கு வர்றாங்க, அதிகம் நடக்க முடியாதுன்னு ஒரு லெட்டர் வாங்கி ஆஸ்பத்திரி பிஆர்ஓ (மக்கள் தொடர்பு அதிகாரி) கிட்ட காட்டி பார்க்கிங்குக்கு கேளுங்க. சட்டப்படி இது உரிமை இல்ல, ஆனா கேட்டா விடற இடம் நிறைய. வாடகை வண்டி பேசறதா இருந்தா கேரளா எல்லை களியக்காவிளை தாண்ட பெர்மிட் இருக்கா, அந்த செலவு வாடகைக்குள்ளயான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. காசு மிச்சம்னு கூட்டமான பஸ்ல கொண்டு போகாதீங்க, கீமோ முடிஞ்ச உடம்பு, இன்ஃபெக்ஷன் ஆகி அட்மிட் ஆனா மிச்சம் பண்ணினது எல்லாம் ஒரே நாள்ல போகும்.

டாக்ஸ் விஷயம். பெட்ரோலும் பார்க்கிங்கும் எங்கயும் காட்ட முடியாது. ஆனா ட்ரீட்மென்ட் செலவு 80டிடிபி-ன்னு இன்னொரு வரிச் சலுகையில வரும், அம்மா 60 தாண்டினதால 1,00,000 வரைக்கும், உங்கள நம்பி இருக்கணும், செலவு நீங்க பண்ணியிருக்கணும், இன்சூரன்ஸ்ல வந்த காச கழிச்சுடணும். பழைய வரி முறையில மட்டும்தான், அதனால பழசு, புதுசு ரெண்டு முறையிலயும் கணக்கு போட்டு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இதுக்கு கேன்சர் டாக்டரோட பிரிஸ்கிரிப்ஷன் வேணும், அதுல நோயோட பேரு, டாக்டரோட பேரு, அட்ரஸ், படிப்பு, ரெஜிஸ்டர் நம்பர் எல்லாம் இருக்கணும். ஒரு வருஷம் கழிச்சு அந்த டாக்டர தேடி போறதுக்கு பதிலா இப்பவே வாங்கி வைங்க. பாலிசி இருந்தா ரேடியேஷன டே கேர்ல க்ளெய்ம் பண்ணலாம், 24 மணி நேரம் அட்மிட் ஆகணும்னு அவசியம் இல்ல.

இனி செக்கப்புக்கு சென்னை, வேலூர்னு தூரமா போக வேண்டி வந்தா ரயில்ல கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் டிக்கெட் முழுசா ஃப்ரீ, கூட போற ஒருத்தருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில ரயில்வே ஃபார்ம்ல கையெழுத்தும் சீலும் வாங்கி குழித்துறை ஸ்டேஷன் மாதிரி கவுண்டர்லதான் எடுக்கணும், மொபைல்ல புக் பண்ணினா சலுகை கிடையாது.