‘ஓம்’ என்று சொல்ல முதல்...

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 22 வயது. உப்புவெளியில் இருக்கிறேன். டவுனில் போன் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்தேன். திருத்தக் கொடுத்த ஒருவர் இரண்டு மாதமாகத் திரும்பி வரவில்லை. அந்தப் போனை வீட்டுக்குக் கொண்டுபோய் என் சிம்மைப் போட்டுப் பாவித்தேன். பிறகு அவர் வந்து கேட்டபோது, காணவில்லை என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டேன். பொலிசில் முறைப்பாடு போட்டார்கள். போனின் இலக்கத்தை வைத்துக் கண்டுபிடித்து, நான் காட்டிய அலுமாரியில் இருந்து அதை எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு, சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்தும் வைத்தேன். இப்போது பிணையில் இருக்கிறேன். மூன்று கிழமையில் அடுத்த தவணை. ‘குற்றவாளி என்று சொல்லித் தண்டத்தைக் கட்டு, ஒரே நாளில் முடிஞ்சிரும்’ என்கிறான் கூட்டாளி. ‘கடைசி வரைக்கும் இல்லை என்று நில்’ என்கிறார் மாமா. கத்தாருக்குப் போகப் பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். மறியலுக்குப் போக வேண்டி வருமா?
– பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: தம்பி, நீங்கள் மறியலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கத்தாரை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கென்றால் அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

மறியலை முதலில் பார்ப்போம். உங்கள் மீது எந்தப் பிரிவில் குற்றம் சுமத்துகிறார்கள் என்று தெரிய வேண்டும். சாதாரண களவு என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவு. 3 வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். ஆனால் நீங்கள் எடுத்தது கடையில் முதலாளியின் பொறுப்பில் இருந்த பொருள், நீங்கள் அங்கே சம்பளத்துக்கு நின்றவர். அதற்கு 370ஆம் பிரிவு தனியாக இருக்கிறது, அதில் 7 வருடம் வரை போகும். இலக்கத்தைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். நீதவான் நீதிமன்றம் வழமையாக 2 வருடத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது. முதற்தடவை, 22 வயது, போனும் திரும்பக் கிடைத்துவிட்டது. இப்படியானவர்கள் நேரே சிறைக்குப் போனதை நான் கண்டது குறைவு. நடக்கவே நடக்காது என்று மட்டும் சொல்லமாட்டேன்.

இனிக் கூட்டாளியின் யோசனை. தவணை நாளில் காலையில் கூண்டுக்குள் வரிசையாக நிற்பார்கள். முதலியார், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், பெயரைக் கூப்பிடுவார், குற்றச்சாட்டை வாசிப்பார், ‘குற்றவாளியா சுற்றவாளியா?’ என்று கேட்பார். சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர். ஒருநாள் ஒரு பெடியன், வாசித்து முடிக்கும் முதலே ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டினான். கை இரண்டும் கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தன. எப்படியாவது வெளியே போனால் போதும் என்ற முகம். இரண்டு நிமிடம் இருக்காது, முடிந்தது. தண்டமும் பெரிய காசு இல்லை. தாய் வெளியே வேப்பமரத்தடியில் நின்று கோணேஸ்வரரைக் கும்பிட்டார். அந்தப் பெடியன் பிறகு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்கப் போனபோதுதான், அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்று அவனுக்கு விளங்கியது.

தண்டம் கட்டி முடிந்தாலும் அது குற்றத்தீர்ப்புத்தான். நற்சான்றிதழ் எடுக்கும்போது அது வந்து நிற்கும், கத்தார் கனவுக்கும் குறுக்கே நிற்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது, ஒத்திவைத்த சிறை. 2 வருடத்துக்கு மேற்படாத சிறையை விதித்து, குறைந்தது 5 வருடத்துக்கு ஒத்திவைப்பார்கள். அந்தக் காலத்தில் வேறு குற்றம் செய்யாவிட்டால் உள்ளே போகத் தேவையில்லை. வீட்டுக்கு வந்துவிடலாம், சரி. ஆனால் அதுவும் குற்றத்தீர்ப்புத்தான்.

உங்களைப் போன்றவர் கேட்க வேண்டியது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு. இது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். குற்றம் நிரூபணமானாலும், ஆளின் வயது, நடத்தை, உடல்நிலை, குற்றம் சிறியதா என்பதையெல்லாம் பார்த்து, குற்றத்தீர்ப்பு அளிக்காமலே நீதவான் விடுவிக்கலாம். எச்சரித்து விடலாம், அல்லது 3 வருடத்துக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தைப் பிணையில் கையெழுத்து வாங்கி விடலாம். அந்தக் காலத்தில் பிழை விட்டால் திரும்பக் கூப்பிட்டுத் தண்டிப்பார்கள். இது உரிமை இல்லை, நீதவானின் விருப்பம். கேட்காமல் அது தானாக வந்து விழாது. அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் கூடும், அதில் பிழையில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு சட்டத்தரணி எழுந்து நின்று உங்களைப் பற்றி நீதவானிடம் நான்கு வார்த்தை பேச வேண்டும். கூட்டாளி சொன்னதில் பாதி சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்னதிலும் கொஞ்சம் இருக்கிறது. பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. கையெழுத்து வைத்துவிட்டேனே என்று இரவில் நித்திரை இல்லாமல் கிடக்கத் தேவையில்லை. ஆனால் 27ஆம் பிரிவை மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை போல. நீங்கள் காட்டி, அலுமாரியில் இருந்து போன் எடுபட்டதல்லவா? அந்தப் பொருள் கிடைக்க வைத்த பகுதி சாட்சியமாக வரும். களவுபோன பொருள் கொஞ்ச நாளில் ஒருவர் கையில் இருந்தால், அவர் அதற்குக் காரணம் சொல்லத்தான் வேண்டும். அதற்குள்ளே உங்கள் சிம்மும் ஓடியிருக்கிறது. மாமா நல்ல மனுஷனாக இருப்பார், ஆனால் உங்களோடு கூண்டில் ஏறப்போவதில்லை.

சிங்கள வாக்குமூலம் பற்றி ஒன்று. தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்க முதல், தமிழில் எழுதச் சொல்லியோ வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லியோ கேட்டிருக்கலாம். அது போய்விட்டது. சட்டத்தரணியிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் அந்தக் கஷ்டம் இருக்காது. வடக்கு கிழக்கில் முதல்நிலை நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. விளங்காவிட்டால் ‘விளங்கவில்லை, ஐயா’ என்று சொல்லுங்கள். யாரும் கடிக்கமாட்டார்கள்.

சட்டத்தரணிக்குக் காசு? அம்மாவின் நகையை அடகு வைக்க முதல் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலைக் கிளைக்குப் போங்கள். 1978இல் வந்த சட்டத்தின் கீழ் இயங்குவது. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், அதனால் அடையாள அட்டையோடு கிராம சேவகரின் கடிதமும் கொண்டு போங்கள். தவணைக்கு முதல்நாள் பின்னேரம் போய் நிற்க வேண்டாம், இந்தக் கிழமையே போங்கள்.

போன்காரருக்கு நட்டத்தைக் கொடுக்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். நல்ல யோசனை, ஆனால் நீங்களாக அவர் வீட்டுப் படலையைத் தட்டாதீர்கள். அவரும் முதலாளியும் வழக்கில் சாட்சிகள். மன்னிப்புக் கேட்கப் போனது மிரட்டப் போனதாக எழுதுபட்டால், பிணையே போய்விடும். சட்டத்தரணி மூலமாகச் செய்யுங்கள். இணக்கத்துக்கு வழி இருக்கிறதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். முன்பு படித்த பள்ளிக்கூடத்தில் இருந்தும் கோயில் தலைவரிடம் இருந்தும் நடத்தைச் சான்று எடுக்க முடிந்தால் எடுங்கள். இப்போது ஏதாவது கூலி வேலைக்காவது போங்கள். ‘இவர் வேலை செய்து நட்டத்தைக் கட்டிவிட்டார்’ என்று சட்டத்தரணி சொல்வதற்கும் ‘கட்டுவார்’ என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம்.

கத்தார் இப்போதைக்கு வேண்டாம். பிணை நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு தவணைக்கு நீங்கள் இல்லை என்றால் பிடியாணை வரும். உங்களுக்காகச் சரீரப் பிணை நின்றவர்கள் பதில் சொல்ல வேண்டி வரும். அது அம்மாவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்று காலை எட்டரைக்கே போய் நில்லுங்கள். கொலர் வைத்த சேட், நீளக் காற்சட்டை. போனை நிறுத்திவிட்டு உள்ளே போங்கள், போன் வழக்கில் போனே மணியடித்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், சட்டத்தரணியிடம் போகும்போது பிணைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வழக்கு இலக்கம் அதில்தான் இருக்கும். பாதிப் பேர் அதைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள்.