ஃபெடரர் ஜெயித்தால் சந்தை ஏறுமா?

கேள்வி: டென்னிஸ் வீரர் ஃபெடரர் விம்பிள்டன் பட்டம் வென்ற எட்டு ஆண்டுகளிலும் அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஏற்றத்தில்தான் முடிந்திருக்கிறது. 2008 இறுதியாட்டத்தில் நடால் அவரை வீழ்த்தினார். அந்த ஆண்டு சந்தையும் சரிந்தது. இருவரும் ஓய்வு பெற்றுவிட்ட நிலையில், இன்றைய வீரர்கள் அல்கராஸ், சின்னர் ஆட்டங்களை வைத்து இதேபோல ஒரு கணக்குப் போட்டு, ஈக்விட்டி (பங்கு) ஃபண்டுக்கும் கடன் (கடன் பத்திர) ஃபண்டுக்கும் பணத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாமா? இப்போது என்னிடம் 60% ஈக்விட்டி, 40% கடன் ஃபண்டு இருக்கிறது.

பதில்: தகவல் சரிதான். டிவிடெண்டை (நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபம்) சேர்க்காமல் பார்த்தால் குறியீடு 2003-ல் 26.4%, 2004-ல் 9%, 2005-ல் 3%, 2006-ல் 13.6%, 2007-ல் 3.5%, 2009-ல் 23.5%, 2012-ல் 13.4%, 2017-ல் 19.4% ஏறியது. எட்டுக்கு எட்டு. 2008-ல் 38.5% வீழ்ச்சி. அந்த ஜூலை 6 அன்று நடால் ஐந்தாவது செட்டை 9-7 என்று முடித்தார். பத்து வாரம் கழித்து அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம்.

இப்படி ஒரு பொருத்தம் கண்ணில் பட்டால், முதலில் சந்தை சாதாரணமாக எத்தனை ஆண்டுகள் ஏறுகிறது என்று பாருங்கள். இந்தக் குறியீடு ஏறக்குறைய நான்கில் மூன்று ஆண்டுகள் ஏற்றத்தில் முடிவது வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு எட்டு ஆண்டுகளைப் பொறுக்கினாலும், எட்டுமே ஏறிய ஆண்டுகளாக அமைய 0.75-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். பத்தில் ஒரு வாய்ப்பு வருகிறது. நான்கு பெரிய தொடர்கள், ஏழெட்டு வீரர்கள், உலகம் முழுக்க டஜன் கணக்கில் குறியீடுகள் என்று தேடினால் இப்படி ஒன்று சிக்காமல் போனால்தான் வியப்பு.

அடுத்து, விடுபட்ட ஆண்டுகளைப் பாருங்கள். ஃபெடரர் ஜெயிக்காத 2013-ல் குறியீடு 29.6%, 2019-ல் 28.9% ஏறியது. உங்கள் விதிப்படி அந்த இரண்டு ஆண்டும் கடன் ஃபண்டில் உட்கார்ந்திருப்பீர்கள். 2019 இறுதியாட்டத்தில் ஜோகோவிச்சுக்கு எதிராக ஃபெடரருக்குப் பட்டத்துக்கான புள்ளி இரண்டு முறை கையில் இருந்தது. ஒன்றை எடுத்திருந்தால் உங்கள் கணக்கு ஒன்பதுக்கு ஒன்பது! நடால் பக்கமும் கணக்கு நிற்கவில்லை: 2010 விம்பிள்டன் அவருடையது, அந்த ஆண்டு குறியீடு 12.8% ஏறியது.

பலரும் கோட்டைவிடும் இடம் தேதி. விம்பிள்டன் முடிவது ஜூலையில். முடிவு தெரியும்போது பாதி ஆண்டு போய்விடுகிறது; அந்த ஆறு மாத ஏற்றத்தை நீங்கள் பின்னோக்கிப் போய் வாங்க முடியாது. 2007-ல் ஃபெடரர் நடாலை வென்ற மறுநாள், திங்கட்கிழமை, குறியீடு சுமார் 1,530-ல் இருந்தது. ஆண்டு முடிவில் 1,468. அதாவது உங்கள் பட்டியலில் ‘ஏறிய ஆண்டு’ என்று இருக்கும் 2007-ல், பட்டம் உறுதியானதும் வாங்கியவருக்கு 4% நஷ்டம். எந்த உத்தியைச் சோதித்தாலும், தகவல் தெரிந்த நாளுக்கு அடுத்த விலையிலிருந்துதான் கணக்கை ஆரம்பிக்க வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் வெளியேறும் கட்டணம், மூலதன ஆதாய வரி ஆகியவற்றைக் கழியுங்கள். பெரும்பாலான உத்திகள் இந்த இரண்டு கழித்தலைத் தாண்டுவதில்லை.

இந்த இருவரின் போட்டியில் முதலீட்டாளருக்குப் பயன்படும் எண்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. மொத்தம் 40 ஆட்டங்களில் நடால் 24, ஃபெடரர் 16. இதை மட்டும் பார்த்தால் நடால் தெளிவாக மேலே. தரை வாரியாகப் பிரித்தால் களிமண்ணில் நடால் 14-2. கடினத் தரையில் ஃபெடரர் 11-9. புல்லில் ஃபெடரர் 3-1. ஃபெடரர் களிமண் தொடர்களிலும் இறுதிவரை வந்து நடாலிடம் மாட்டினார்; ஆரம்ப ஆண்டுகளில் நடால் கடினத் தரைத் தொடர்களில் பல முறை அவரைச் சந்திக்கும் முன்பே வெளியேறினார். அதனால்தான் மொத்தக் கணக்கு களிமண் பக்கம் சாய்ந்திருக்கிறது.

இரண்டு ஃபண்டுகளின் பத்தாண்டு வருமானத்தை ஒப்பிடும்போதும் இதே சாய்வு வரும். ஒரே ஒரு எண்ணைப் பார்க்காமல், ஆண்டுவாரியாக எழுதி, சந்தை விழுந்த ஆண்டுகளில் எது எவ்வளவு விழுந்தது என்று தனியே பாருங்கள். ஒரே ஒரு நல்ல ஆண்டை நீக்கினால் வரிசை தலைகீழாகிறதா என்றும் சோதியுங்கள்.

ஃபெடரரே 2024-ல் டார்ட்மவுத் கல்லூரி பட்டமளிப்பு விழாவில் சொன்ன கணக்கு இன்னும் சுவையானது. 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80% வெற்றி. ஆனால் ஆடிய புள்ளிகளில் வென்றது 54% மட்டுமே. எஸ் அண்ட் பி 500-உம் இப்படித்தான்: ஏறி முடியும் நாட்கள் பாதிக்குச் சற்றே மேல், ஏறி முடியும் ஆண்டுகளோ நான்கில் மூன்று. தினமும் போர்ட்ஃபோலியோவைத் திறந்தால் ஏறக்குறைய ஒருநாள் விட்டு ஒருநாள் நஷ்டம் கண்ணில் படும், கை பரபரக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், போதும்.

அப்படிப் பார்க்கும்போது செய்ய வேண்டியது ரீபேலன்சிங், அதாவது பங்கீட்டைப் பழைய விகிதத்துக்கே கொண்டுவருவது. 60:40 என்ற உங்கள் பங்கீடு ஐந்து சதவீதப் புள்ளி விலகினால் மட்டும் கை வையுங்கள். உதாரணமாக, 60 ஈக்விட்டி 30% ஏறி 78 ஆகிறது. 40 கடன் ஃபண்டு 5% ஏறி 42 ஆகிறது. மொத்தம் 120-ல் ஈக்விட்டி இப்போது 65%. ஈக்விட்டியில் 6-ஐ விற்றுக் கடன் ஃபண்டில் போட்டால் 72:48, மீண்டும் 60:40. விற்றால் வரி வரும் என்றால், புதிதாகச் சேமிக்கும் பணத்தில் 10-ஐக் கடன் ஃபண்டில் மட்டும் போடுங்கள். 78:52, அதுவும் 60:40தான். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது, எதையும் விற்க வேண்டியதில்லை. சந்தை விழுந்தால் இதையே திருப்பிச் செய்ய வேண்டும். ஈக்விட்டி 55%-க்கு இறங்கும்போது வாங்கத்தான் பெரும்பாலோர் தயங்குவார்கள். ஆகவே விதியை இன்றே தேதியோடு எழுதி வையுங்கள்.

அல்கராஸ், சின்னர் கணக்கை விட மனமில்லையென்றால், மொத்தத்தில் 5%-க்கு மிகாமல் தனிக் கணக்கில் வைத்து விளையாடுங்கள். அது தீர்ந்தால் முதன்மைக் கணக்கிலிருந்து நிரப்பக் கூடாது; பெருகினால் 5%-க்கு மேல் இருப்பதை எடுத்து 60:40-ல் சேர்த்துவிடுங்கள்.