பிசுபிசுக்கும் பெயின்ட், சுருக்கென்ற சொல்: பொம்மைக்கு வண்ணம் தீட்டுவோர் கேள்விகள்

சேகரிப்புப் பொம்மைகளுக்கு மறுவண்ணம் தீட்டுவது பற்றி நம் குழு உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. சில கேள்விகள் வேலையைப் பற்றியவை. சில, நாம் ஒருவரோடொருவர் பேசும் விதத்தைப் பற்றியவை.

கேள்வி: அக்கா, பொம்மையின் பிளாஸ்டிக் மேலங்கிக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் விரலில் ஒட்டுகிறது. குழுவில் படம் போட்டுக் கேட்டேன். "முதலில் டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்" என்று ஒருவர் எழுதினார். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த மேலங்கி கையால் வளைத்தால் வளைகிறதா? அப்படியானால் அது மிருதுவான பி.வி.சி. பிளாஸ்டிக். அது வளைந்துகொடுப்பதற்காக அதில் பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய்ப்பசைப் பொருளைக் கலந்திருப்பார்கள். அது மெல்ல மெல்ல மேலே கசிந்து வந்து, கரைப்பான் கலந்த ஸ்ப்ரே பூச்சை இளக்கிவிடுகிறது. பெயின்ட் காயவில்லை என்று நினைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் என்னும் துடைப்புத் திரவத்தை முதலில் மேலங்கியின் உட்புறத்தில் ஓரிடத்தில் தொட்டுச் சோதித்துவிட்டு, பூச்சைத் துடைத்தெடுங்கள். பிறகு தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைப் பிரஷ்ஷால் மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள்.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான டப்பாக்களில் "பிளாஸ்டிக்குக்கு ஏற்றது" என்றுதான் இருக்கும். எந்தப் பிளாஸ்டிக் என்று இருக்காது. நீங்கள் நூறு முறை படித்திருந்தாலும் இந்தப் பிசுபிசுப்பு வந்திருக்கும். உங்களைக் கேலி செய்தவருக்குக் காரணம் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார். ஏளனமான பதில்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: அவற்றில் தகவல் இருப்பதில்லை.

கேள்வி: எது எந்தப் பிளாஸ்டிக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தட்டினால் கெட்டியாக ஒலிக்கும் உடற்பகுதிகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் கடினமான பிளாஸ்டிக். வளைகிற கை, முடி, துணிபோல் தொங்கும் பகுதிகள் பி.வி.சி. மூட்டுகளில் மெழுகுபோல் வழுக்குகிற சிறு துண்டுகள் இருந்தால் அவை நைலானாகவோ பாலிஅசிட்டால் என்னும் பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். அவற்றில் வண்ணம் எளிதில் நிலைக்காது, விட்டுவிடுங்கள். கோத்துச் செய்யும் மாடல்களில் துண்டுகளைத் தாங்கும் சட்டத்திலேயே பி.எஸ். (பாலிஸ்டைரீன்), ஏ.பி.எஸ்., பி.ஈ. (பாலிஎதிலீன்) என்று பொறித்திருப்பதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அசிட்டோன் என்னும் கரைப்பான் ஏ.பி.எஸ்., பாலிஸ்டைரீன் இரண்டையும் கரைத்துவிடும்.

கேள்வி: தீட்டுவதற்கு முன் கழுவியே ஆக வேண்டுமா?

ஆமாம். பொம்மை அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர ஒரு வழுக்குப் பொருளைப் பூசியிருப்பார்கள். அது மேலே தங்கியிருந்தால் பிரைமர் என்னும் அடிப்பூச்சு பிடிக்காது. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கி போதும்.

கேள்வி: முழங்கை மூட்டில் மட்டும் வண்ணம் உரிந்துகொண்டே இருக்கிறது. வார்னிஷை மூன்று பூச்சாக்கியும் பயனில்லை.

பூச்சு கூடக் கூட உரசல்தான் கூடும். அந்த மூட்டு தொழிற்சாலையில் இரண்டு துண்டுகளுக்கு இடையே மிகச் சிறிய இடைவெளியோடு செய்யப்பட்டது. நீங்கள் பூசிய பிரைமர், வண்ணம், வார்னிஷ் மூன்றும் சேர்ந்து அந்த இடைவெளியை அடைத்துவிடுகின்றன. பழைய பூச்சை நீக்கிவிட்டு, கையைச் சில முறை மடக்கி நீட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உரசுகிற இடம் பிறை வடிவில் பளபளக்கும். கொதிக்காத சுடுநீரில் சற்று நேரம் வைத்தால் துண்டுகள் இளகும், மூட்டைக் கழற்றலாம். பிறை விழுந்த இடத்தையும் அதற்கு எதிர்ப்புறத்தையும் நுண்ணிய உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துக் கழியுங்கள். நனைத்துத் தேய்த்தால் தூளும் பறக்காது. உள்பக்கங்களுக்கு வண்ணமே வேண்டாம். பொம்மையின் அடிநிறத்தோடு ஒத்துப்போகும் நிறமாகத் தேர்ந்தெடுத்தால், கை மடங்கும்போது தெரியும் சிறு விளிம்பும் உறுத்தாது. முடித்ததும் அன்றே அசைத்துப் பார்க்காமல், சில நாள் நன்றாகக் காய விடுங்கள்.

கேள்வி: மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தபின் பொம்மை முழுக்க வெண்ணீறு பூத்ததுபோல் ஆகிவிட்டது.

காற்றில் ஈரம் அதிகமாக இருந்தபோது அடித்திருப்பீர்கள், அல்லது ஒரே மூச்சில் கனமாக அடித்திருப்பீர்கள். வறண்ட நாளில் மெல்லிய பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் பல சமயம் வெண்மை மறையும்.

கேள்வி: ஒருவர் படம் போட்டால் பாராட்டு மட்டுமே சொல்ல வேண்டுமா? குறை சொன்னாலே மரியாதைக் குறைவு என்கிறார்கள்.

குறை சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன், அவர் என்ன கேட்டார் என்று பாருங்கள். "முடித்துவிட்டேன், மகிழ்ச்சி" என்று மட்டும் எழுதியிருந்தால், திருத்தம் சொல்லலாமா என்று ஒரு வரி கேளுங்கள். அவர் கருத்துக் கேட்டிருந்தால் இடம், காரணம், மாற்றுவழி மூன்றையும் சொல்லுங்கள். "கண் கேவலமாக இருக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? "இடது கருவிழி வலதைவிடச் சற்று மேலே இருக்கிறது, வெள்ளை வைத்து மூடிவிட்டு அதை மட்டும் மறுபடி வைத்துப் பாருங்கள்" என்றால் அன்று மாலையே சரிசெய்துவிடுவார். பதினைந்து சென்டிமீட்டர் பொம்மையின் கண் சில மில்லிமீட்டர்தான். அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமும் ஆகாது.

கேள்வி: வெளிர்நிறப் பொம்மையைக் கருநிறத் தோலாகத் தீட்டினேன். "கெடுத்துவிட்டாய்" என்று தொடங்கி, என் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யும் வரை போய்விட்டது. விமர்சனத்தைத் தாங்கத் தெரியவில்லை என்கிறார்கள்.

அது விமர்சனம் அல்ல, தங்கையே. ஒருவருடைய நிறம், பாலினம், உடல், சாதி, மதம் ஆகியவற்றைப் பிடித்து இழுக்கும் பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. படமெடுத்து வைத்துக்கொண்டு குழுவை நடத்துபவர்களிடம் கொடுங்கள். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: அந்த இடத்தில் "இது இங்கே வேண்டாம்" என்று ஒருவராவது எழுதியிருக்க வேண்டும்.

வேலையைப் பற்றி: நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், தோல் உயிரற்றுப் போகும். சிவப்போ ஊதாவோ சேர்ந்த அடர் பழுப்பு நல்லது. ஒளிபடும் இடத்துக்கு வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூத்துவிடும். காவியோ ஆரஞ்சோ சேர்த்து ஏற்றுங்கள்.

கேள்வி: 1980களின் பொம்மைக்கு மறுவண்ணம் தீட்டலாமா? அது பாவம் என்று சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

உங்கள் பொம்மை, உங்கள் விருப்பம். விற்கும்போது மறுவண்ணம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அசல் பூச்சைக் காப்பவர்களைக் கஞ்சர்கள் என்று நீங்களும் சொல்ல வேண்டாம். மிகப் பழைய பொம்மையாக இருந்தால் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் அபாயத்தையும் நினைவில் வையுங்கள்: அமெரிக்காவில் பொம்மைப் பெயின்ட்டின் ஈய அளவு 1978இல் பத்து லட்சத்தில் 600 பங்கு என்றும், 2009இல் 90 பங்கு என்றும் கட்டுப்படுத்தப்பட்டது. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள்.

கேள்வி: ஸ்ப்ரே அடிக்கும்போது சாதாரண முகக்கவசம் போதாதா?

போதாது. அது தூசியை ஓரளவு தடுக்கும். கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இரண்டும் வாய்க்கவில்லை என்றால் பிரஷ்ஷும் அக்ரிலிக்குமாகவே வேலையை முடியுங்கள். ஒரு குறையும் வராது.