நாலு சுவரும் படமாகும் அறை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆறு மாதமாக முகத்தில் சிரிப்பே இல்லை. சுவர், தரை எல்லாம் படம் ஓடும் இம்மர்சிவ் ஷோவுக்கு பெங்களூர் கூட்டிப்போனால் மனசு லேசாகும் என்கிறார் என் தம்பி. பலன் இருக்குமா, காசுக்குக் கேடா?
வாசகி, பென்னாகரம்

பதில்: அம்மா, தாராளமாகக் கூட்டிப்போங்கள். மருந்து என்று நினைத்து மட்டும் போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பாட்டு, நடனம், நாடகம், ஓவியம் எதுவானாலும், கலையோடு பழகுகிறவர்களுக்கு மன அழுத்தமும் பதற்றமும் குறைய அது துணை செய்கிறது என்று அந்த அறிக்கை சொல்கிறது. இருட்டறையில் மெதுவாக நகரும் வெளிச்சமும் ஒலியும் கவனத்தை முழுதாகப் பிடித்துக்கொள்ளும்போது, மார்க், கட்டாஃப் என்று சுற்றிச்சுற்றி வரும் நினைப்பு கொஞ்ச நேரம் விலகும். ஒருநாள் போய்வந்தால் கிடைப்பது அவ்வளவுதான், ஆனால் அதுவும் அந்தப் பிள்ளைக்கு வேண்டியதுதான்.

தேர்வுக்கு முந்தின வாரம் வேண்டாம். கூட்டம் குறைவான வார நாள் காலை நல்லது. செல்போனைப் பையில் போட்டுவிடச் சொல்லுங்கள். படம் எடுக்க ஆரம்பித்தால் பார்ப்பது நின்றுபோகும். நடந்துகொண்டே இருக்காமல் ஓரிடத்தில் தரையில் உட்காரட்டும். வெளியே வந்ததும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு முடிந்துவிடும். "எந்த இடத்துல இன்னும் கொஞ்ச நேரம் உட்காரலாம்னு தோணுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஆறு மாதம் என்கிறீர்களே, அதுதான் எங்களுக்குக் கவலை. தூக்கம், சாப்பாடு குறைந்திருக்கிறதா? பிடித்த வேலைகளை விட்டுவிட்டாளா? அப்படியானால் பெங்களூருக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. "செத்துப்போகலாம் போல இருக்கு" என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே அழையுங்கள், அவளைத் தனியே விடாதீர்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் நான். ஒரு வகுப்பறையும் ஒரு புரொஜெக்டரும் இருக்கின்றன. இதை வைத்து இப்படி ஓர் அறை அமைக்க முடியுமா?
ஆசிரியர், காவேரிப்பட்டணம்

பதில்: முடியும் சார். சுவரின் நடுவில் படம் விழுந்தால் அது வெறும் சினிமா. இரண்டு சுவர் சேரும் மூலையைப் பார்த்துப் போடுங்கள்; படம் மடிந்து பிள்ளைகளை இருபுறமும் அணைக்கும். இருபதுக்கு இருபது அடி வகுப்பில் குறுக்காக மூலைக்கு மூலை 28 அடி கிடைக்கும். படம் விழும் மூலையிலிருந்து 20 அடி தள்ளி, பீரோ உயரத்தில் புரொஜெக்டரை வையுங்கள். மூன்றடி தூரத்தில் இரண்டடி அகலத்துக்குப் படம் விரிக்கும் சாதாரண புரொஜெக்டர் என்றால் ஒவ்வொரு சுவரிலும் ஏழடி அகலத்துக்குப் படம் பரவும். மூலையில் ஏறக்குறைய எட்டடி உயரமும் ஓரங்களில் ஆறடி உயரமும் இருக்கும். இந்தக் கோணலைத் திருத்த வேண்டாம், நீர், இலை, மேகம் போன்ற படங்களில் அது தெரியவே தெரியாது. எழுத்தும் முகமும் மட்டும் கோணிக்கொள்ளும், அவற்றைத் தவிருங்கள். மூலை தூரமாகவும் ஓரங்கள் பக்கத்திலும் இருப்பதால் ஃபோகஸை இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். மூலைக்குச் சரிசெய்தால் ஓரம் மங்கிப்போகும். சுவரில் படமோ அடர்ந்த வண்ணமோ இருந்தால் வெள்ளைக் காடாத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இரண்டு மடிப்பு. காற்றுப்போக்கிகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பாதிப் பிள்ளைகளுக்குத் தலைவலி வருவது படத்தால் இல்லை, புழுக்கத்தால். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர், பத்து நிமிடம் போதும். பங்குனி, சித்திரையில் நம்ம ஊர் வெயிலுக்கு இதை வைக்கவே வேண்டாம். தை மாதம் வரை காலை வேளையில் நடத்துங்கள். ஒயர்கள் நடைவழியில் கிடக்கக்கூடாது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது, விளக்கு சுவிட்ச் பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். இணையத்தில் இறக்கிய காட்சியைப் போட்டால் பிள்ளைகள் "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தாங்களே சேகரித்ததைப் போட்டால்தான் அறை அவர்களுடையதாகும். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. அங்கே அனுமதி கேட்டு வரையச் சொல்லுங்கள். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் பாறை ஓவியங்கள் உண்டு. அந்தக் கோடுகளைப் பார்த்துக் கறுப்புத் தாளில் சுண்ணாம்பால் வரையலாம். வரைந்ததைப் படம்பிடித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எட்டு விநாடியில் மெல்ல மாறும்படி கோத்துவிடுங்கள்.

ஒலிக்கும் நம்மிடம் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. பட்டுப்புழு கடைசிப் பருவத்தில் மல்பெரி இலை தின்னும் சத்தம் அசல் மழைச் சத்தம். புழுவளர்ப்பு மனையில் செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, இலைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து, புதிதாக இலை போட்டதும் மூன்று நிமிடம் பதியுங்கள். மனைக்காரரைக் கேட்காமல் நுழையாதீர்கள். நோய் தொற்றினால் அவருக்கு ஒரு பருவமே போய்விடும். ஸ்பீக்கர்கள் பிள்ளைகளின் முதுகுப் பக்கம், உட்கார்ந்த காது உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசினால் கேட்க வேண்டும், அதுவே அளவு.

கேள்வி: எங்கள் பள்ளியில் இப்படி ஓர் அறை வைத்தபோது ஒரு மாணவிக்குத் தலைசுற்றல், இன்னொருவன் அழுதுவிட்டான். நிறுத்திவிடலாமா?
ஆசிரியை, அரூர்

பதில்: நிறுத்த வேண்டாம் டீச்சர், முறையை மாற்றுங்கள். சுழலும், வேகமாகப் பாயும் காட்சியில் கண் "நகர்கிறோம்" என்கிறது, உள்காது "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இந்த முரண்பாடுதான் தலைசுற்றல். அந்தக் காட்சிகளை எடுத்துவிடுங்கள். விநாடிக்கு மூன்றுக்கு மேல் பளிச்சிடும் வெளிச்சம் எதுவும் கூடாது. வெளிச்சத்தால் வலிப்பு வரக்கூடிய பிள்ளைகள் உண்டு. வலிப்பு, இருட்டுப் பயம் உள்ளவர்களை முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டு வையுங்கள்.

அழுத பையனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வெளியே நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் சும்மா இருங்கள். "ஏன் அழுதே?" என்று எல்லார் முன்னும் கேட்காதீர்கள். மறுநாள் தனியாகப் பேசுங்கள். அவன் வீட்டு விஷயம் ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்; ஆபத்து தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

எல்லாருக்குமே விளக்கை ஒரேயடியாக அணைக்காமல் ஒரு நிமிடத்தில் மெல்லக் குறையுங்கள். எழுந்துபோக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்து ஒரு தாளில் எதையாவது கிறுக்கட்டும். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள், சுவரில் ஒட்டாதீர்கள். ஆண்டு விழா அன்று இதை வைப்பதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். வேடிக்கைக் கூட்டத்தில் அமைதி வராது.

கேள்வி: நம்ம ஊர் பாரதக் கூத்தை விடவா இதெல்லாம் பெரிது?
வாசகர், காரிமங்கலம்

பதில்: பெரிதில்லை ஐயா. பதினெட்டாம் நாள் போர் முடிவைக் காட்டும் படுகளத்தில் களமெங்கும் படுத்திருக்கும் துரியோதனன் மண்ணுருவத்தைச் சுற்றி நிற்கும்போது, பார்ப்பவர் யார், ஆடுபவர் யார் என்றே தெரியாதே. நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பிள்ளைகளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கூத்து வாத்தியாரிடம் சொல்லி, அரிதாரம் பூசும் நேரத்தில் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருக்கவிடுங்கள். கட்டை என்னும் மர அணிகலன்களைக் கட்டுவதைப் பார்க்கட்டும், இரண்டு அடவு காலில் போட்டுப் பழகட்டும். சேர்ந்து ஆடுவதிலும் பாடுவதிலும் கிடைக்கும் நெருக்கம் எந்த புரொஜெக்டரிலும் கிடைக்காது. ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேர் எதிரே மட்டும் உட்காரவேண்டாம், விடிய விடியக் கேட்டால் காதுக்குக் கேடு. ராத்திரி முழுக்க விழித்தால் மறுநாள் தூங்கவிடுங்கள்.

கேள்வி: வி.ஆர். கண்ணாடி வாங்கி வீட்டிலேயே பார்த்தால் போதாதா?
கல்லூரி மாணவர், ஓசூர்

பதில்: தம்பி, தனியாக மாட்டிக்கொண்டு பார்த்தால் பக்கத்தில் ஆள் இருக்கும் பலன் போய்விடும். ஏற்கெனவே அறைக்குள் முடங்கிக் கிடப்பவருக்கு அது இன்னொரு கதவைச் சாத்துவது மாதிரி. வைத்திருந்தால் உட்கார்ந்தே பாருங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கழற்றுங்கள், தலை கிறுகிறுத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கழற்றிய உடனே வண்டி ஓட்டாதீர்கள். வாங்கும் காசில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பழைய புரொஜெக்டர் ஒன்று பாருங்கள். விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்பது அதன் மெனுவிலேயே இருக்கும், அதைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.