கொழுந்தனை துபாய்க்கு அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா?

கேள்வி: மாமனார் வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. கல்யாணமாகாத கொழுந்தனுக்கு மாடி அறை. செல்போனில் கேம் விளையாட என் மகன் அங்கேயே கிடப்பான். பத்து நாளுக்கு முன், இனி மாடிக்குப் போகமாட்டேன் என்று அழுதான். விசாரித்தால், சித்தப்பா தொடக் கூடாத இடத்தில் பல முறை தொட்டாராம். மாமியார், "பையன்தானே, என்ன ஆகிவிடப்போகிறது? இவனை துபாய்க்கு அனுப்பிவிடுகிறோம், வெளியே தெரிய வேண்டாம்" என்கிறார். கணவர் வாயே திறக்கவில்லை. புகார் கொடுத்தால் பிள்ளை ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய வேண்டுமா? இத்தனை நாள் சொல்லாதது என் குற்றமா? மகளை எப்படிப் பாதுகாப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முடிந்துவிடாது, சகோதரி. அவர் போகிற இடத்திலும் குழந்தைகள் இருப்பார்கள். லீவுக்குத் திரும்பி வரும்போது உங்கள் மகள் இன்னும் சிறுமியாகத்தான் இருப்பாள்.

முதலில் மாமியாருக்கான பதில். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்கு ஆண், பெண் பேதம் கிடையாது. 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைதான். 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களிலும் சரிபாதிக்குச் சற்று அதிகமானோர் பையன்கள். பையன் என்றால் பாதிப்பு குறைவு என்பது வெறும் நம்பிக்கை. குடும்பத்துக்குள் பேசி முடிப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. குழந்தை மீதான பாலியல் குற்றத்தை இரு தரப்பும் சமரசமாகிவிட்டார்கள் என்பதற்காக ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது.

உங்கள் மகன் சொன்னது பிரிவு 9-இன் கீழ் வரும் கடுமையான பாலியல் தாக்குதல். பிரிவு 10-இன்படி குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. இதைக் கடுமையாக்குபவை மூன்று: பிள்ளைக்கு 12 வயது ஆகவில்லை, செய்தவர் ஒரே வீட்டில் இருக்கும் உறவினர், பல முறை நடந்திருக்கிறது. சில நேரம் அவசரத்தில் வெறும் 7, 8 பிரிவுகளை மட்டும் போட்டுவிடுவார்கள். அப்போது தண்டனை 3 முதல் 5 ஆண்டாகக் குறைந்துவிடும். அதனால் இந்த மூன்று விவரமும் உங்கள் புகாரிலேயே இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள். இதைவிட மோசமாக ஏதாவது நடந்ததாகப் பிள்ளை பின்னால் சொன்னால் உடனே விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஊடுருவல் இருந்தால் பிரிவு 6. அதில் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு.

உங்கள் பொறுப்புக்கு வருகிறேன். பிரிவு 19-இன்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் பிரிவு 21-இல் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். இது உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் சேர்த்துத்தான். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பத்து நாள் தாமதத்துக்காகப் பயந்து இன்னும் தள்ளிப்போடாதீர்கள். பாலியல் வழக்குகளில் தாமதம் மட்டுமே புகாரைப் பொய்யாக்கிவிடாது என்பது உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொன்னது. "வீட்டில் தடுத்தார்கள், அதனால் உடனே வர முடியவில்லை" என்று உண்மைக் காரணத்தைப் புகாரில் எழுதிவிடுங்கள். காரணம் எழுதாமல் விட்ட தாமதத்தைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார்.

புகாரை அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுங்கள். பையன் வழக்கும் அங்கே கொடுக்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், உடன் ஆள் வருவார்கள். பிள்ளையை அழைத்துப் போக வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். போக்சோ தகவலைப் பதிவு செய்யாத அதிகாரியும் பிரிவு 21-இன் கீழ் தண்டனைக்குரியவரே. கொழுந்தனின் பாஸ்போர்ட், விசா ஏற்பாடு பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் புகாரில் எழுதி, வெளிநாடு தப்பாமல் தடுக்க லுக் அவுட் நோட்டீஸ் கேளுங்கள்.

இனி, அன்பினாலேயே பெற்றோர் வழக்கைக் கெடுத்துவிடும் இடம். பிள்ளையை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். "இங்கே தொட்டாரா? இப்படிப் பண்ணினாரா?" என்று நீங்கள் எடுத்துக்கொடுக்கும் ஒவ்வொரு சொல்லும், நாளை "தாய் சொல்லிக்கொடுத்தது" என்ற வாதமாகத் திரும்பி வரும். உறவினர் முன் சொல்லவைத்து வீடியோ எடுப்பது அதைவிட மோசம். பத்து நாளுக்கு முன் அவன் என்ன சொன்னானோ, அவன் வாயிலிருந்து வந்த அதே வார்த்தைகளில், தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்பதோடு ஒரு நோட்டில் இன்றே எழுதிவையுங்கள். இனி அவனாகப் பேசினால் மட்டும் கேளுங்கள், "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதைத் தாண்டி எதுவும் வேண்டாம். துவைக்காத உடை ஏதாவது இருந்தால் பிளாஸ்டிக்கில் போடாமல் காகித உறையில் வையுங்கள். கொழுந்தன் அனுப்பிய மெசேஜ் இருந்தால் அழிக்காதீர்கள். பிள்ளையின் ஆபாசப் படம் கண்ணில் பட்டால் அதை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அனுப்புவதே குற்றம். நேராகக் காவல்துறையிடம் காட்டுங்கள்.

பிள்ளை அலைவானா என்ற பயத்துக்குச் சட்டம் நிறையவே பதில் வைத்திருக்கிறது. வாக்குமூலம் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டரால், யூனிஃபார்ம் இல்லாமல், நீங்கள் பக்கத்தில் இருக்க எடுக்கப்பட வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் நீங்கள் உடனிருக்கத்தான். எஃப்.ஐ.ஆர். கொண்டுவா என்று மருத்துவமனை திருப்பி அனுப்பக் கூடாது. தொடுதல் குற்றத்தில் காயம் இல்லாமல் இருப்பது இயல்பு. "காயம் இல்லை" என்ற அறிக்கையால் வழக்கு உடைந்துவிடாது. நீதிமன்றத்தில் கதவு மூடிய விசாரணைதான். வழக்கறிஞர் பிள்ளையை நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, கேள்வியை நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். சித்தப்பா முகத்தை அவன் பார்க்காதபடி திரையோ வீடியோவோ வைக்க வேண்டும். 30 நாளில் சாட்சியம், ஓராண்டில் தீர்ப்பு என்பது சட்டத்தின் இலக்கு. நடைமுறையில் பல வழக்குகள் அதைத் தாண்டிப் போகின்றன, அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருப்பதால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். பிள்ளையைப் பறித்துக்கொள்வார்களோ என்று நடுங்காதீர்கள். வீட்டில் அவனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. இரண்டு பிள்ளைகளோடும் உங்கள் அம்மா வீட்டில் இருக்கப்போகிறேன் என்று நீங்கள் தெளிவாகச் சொன்னால், உங்களிடமிருந்து பிரிப்பதற்கான காரணமே குறைந்துவிடும். வழக்கு முடியும்வரை கூடவே இருக்கும் ஆதரவாளர் ஒருவரை அங்கேயே கேட்டு வாங்குங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வழக்கறிஞர் இலவசம், வருமானம் பார்க்கமாட்டார்கள். தொலைபேசி எண் 15100. பிள்ளையின் சிகிச்சை, கவுன்சலிங் செலவுக்கு இடைக்கால நிவாரணம் கோரிச் சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம். தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஏன் நடந்தது, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று உங்களையே குடைந்துகொண்டிருப்பீர்கள். இந்தக் குற்றத்தைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்களே. போன், சாக்லேட், "நமக்குள்ள ரகசியம்" என்று முதலில் நெருக்கத்தை வளர்ப்பார்கள். விளையாட்டாகக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பிள்ளை சத்தம் போடுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகுதான் எல்லை மீறுவார்கள். அதற்குள் பிள்ளை, தானும் கூட்டாளி என்று நம்பிவிடுவான். சொன்னால் போன் போய்விடும், அம்மா அடிப்பாள், சித்தப்பா மாட்டிக்கொள்வார் என்று பயப்படுவான். அந்தப் பயத்தை மீறி அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். "நீ சொன்னது சரி, உன் மேல் தப்பே இல்லை" என்று இன்றே அவனிடம் சொல்லுங்கள்.

மகள் விஷயத்தில் "யாரிடமும் பேசாதே" என்று பயமுறுத்த வேண்டாம். தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்துக்கு அது உதவாது. உடலின் எல்லா உறுப்புகளுக்கும் பெயர் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாத இடத்தில் நடந்ததைக் குழந்தையால் சொல்ல முடியாது. உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடவோ பார்க்கவோ கூடாது. குளிப்பாட்டும் அம்மாவும், அம்மா பக்கத்தில் இருக்கும்போது டாக்டரும் மட்டும் விலக்கு என்று சொல்லுங்கள். பெரியவர்கள் சொல்லும் ரகசியம் எதுவாக இருந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம் என்று பழக்குங்கள். "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று கட்டாயப்படுத்துவதைக் குடும்பம் முழுக்க நிறுத்த வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அங்கேதான் முதலில் பறிபோகிறது. பெரியவர் ஒருவரோடு பிள்ளை தனியாக இருக்கும் அறையின் கதவு திறந்தே இருக்க வேண்டும், அது தாத்தாவாக இருந்தாலும். அவளுக்கும் ஏதாவது நடந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் நீங்களே கேள்வி கேட்காமல், குழந்தைகள் நலக் குழுவிடம் சொல்லி ஒரு குழந்தை மனநல ஆலோசகர் அவளையும் தனியாகப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.