ரெண்டர் தொடங்கியதும் சேர்வர் திணறுவது ஏன்?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் சிறிய அனிமேஷன் ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். விண்டோஸ் கணினி மூன்று, மேக் இரண்டு, ரெண்டருக்கென்றே (காட்சிகளைக் கணித்துப் படங்களாக்கும் வேலை) லினக்ஸ் நான்கு. உபுண்டு சேர்வரிலிருந்து விண்டோஸும் மேக்கும் சாம்பா வழியாகவும், லினக்ஸ் என்எஃப்எஸ் வழியாகவும் (இரண்டும் நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் வழிகள்) கோப்புகளை எடுக்கின்றன. சுவிட்ச் ஒரு கிகாபிட். ரெண்டர் தொடங்கினால் மற்றவர்களுக்கு ஃபோல்டர் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் சில டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்பில் போர்த்தும் படங்கள்) ரோஸ் நிறமாகிவிடுகின்றன. அதே கோப்பு விண்டோஸில் ஒழுங்காகத் திறக்கிறது. புதுச் சேர்வர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒன்று வேகம், மற்றது பெயர். இரண்டையும் கலந்து யோசித்தால் தேவையில்லாத பொருளுக்குக் காசு போகும்.

முதலில் அளந்து பாருங்கள். சேர்வரில் நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 ஓடவிட்டு ஒவ்வொரு கணினியிலிருந்தும் சோதியுங்கள். செக்கனுக்கு 940 மெகாபிட் அளவில் வர வேண்டும். 94 வந்தால் அந்த இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். அதனால் கேபிளின் ஆர்ஜே45 முனையில் மற்ற இரண்டு சோடிகளுக்குரிய ஒரு ஊசி உப்புக்காற்றில் அரித்துப்போனாலும் நெட்வொர்க் வேலை செய்வது போலவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. கடலோர ஊரில் சேர்வர் செட்டிங்கைத் தொடுவதற்கு முன் முனைகளை வெட்டிப் புதிதாகப் போட்டுப் பார்ப்பதே சரி.

இனிக் கணக்கு. கிகாபிட் வழியாக நடைமுறையில் செக்கனுக்குச் சுமார் 110 மெகாபைட் போகும். ஒரு காட்சிக்கு 8 கிகாபைட் டெக்ஸ்சர் என்று வைத்தால் நான்கு லினக்ஸ் கணினிகளும் சேர்ந்து 32 கிகாபைட் கேட்கின்றன. சேர்வரின் ஒரே போர்ட் வழியாக அதை அனுப்ப ஏறக்குறைய 5 நிமிடம். அந்த 5 நிமிடமும் மற்றவர்களின் ஃபோல்டர் கோரிக்கை வரிசையில் நிற்கும். செலவழிப்பதானால் இங்கே செலவழியுங்கள்: இரண்டு எஸ்எஃப்பி பிளஸ் (10 கிகாபிட்) போர்ட் உள்ள சுவிட்ச், சேர்வருக்கு ஒரு 10 கிகாபிட் கார்ட், இடையில் ஒரு டிஏசி கேபிள் (இரு முனையும் பொருத்தியே வரும் செப்புக் கேபிள்). மற்றக் கணினிகள் ஒரு கிகாபிட்டிலேயே இருக்கட்டும். நான்கும் தனித்தனியே முழு வேகம் பெற்றால் அதே வேலை ஒன்றேகால் நிமிடத்தில் முடியும். அதற்கு வட்டு ஈடுகொடுக்க வேண்டும். நான்கு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் சுழலும் ஹார்ட் டிஸ்க் தாங்காது. நடப்பு வேலைகளை எஸ்எஸ்டியில் வையுங்கள், முடிந்தவை ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். சேர்வரில் 32 கிகாபைட் ரேம் இருந்தால் அதுவும் பெரிய உதவி. நான்கும் கேட்பது ஒரே டெக்ஸ்சர்கள்தான் என்பதால் முதல் தடவைக்குப் பிறகு அவை நினைவகத்திலிருந்தே போகும்.

ஃபோல்டர் தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு. சொன்ன பெயரில் கோப்பு இல்லையென்றால், எழுத்து வேறுபாட்டோடு எங்காவது இருக்கிறதா என்று சாம்பா ஃபோல்டர் முழுவதையும் தேடும். 10,000 பிரேம் (தனித்தனிப் படம்) உள்ள ஃபோல்டரில் சாம்பா வழியாக ஒவ்வொரு புதுப் பிரேம் எழுதும்போதும் இந்தத் தேடல் நடக்கும். ஒரு ஷாட்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்தாலே பாதி வலி தீரும். போதாவிட்டால், ரெண்டர் வெளியீட்டுப் பங்கில் (பகிர்ந்த ஃபோல்டரில்) மட்டும் எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டு, சாம்பா அமைப்புக் கோப்பில் 'கேஸ் சென்சிடிவ்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். 'டிஃபால்ட் கேஸ்' 'லோவர்', 'பிரிசர்வ் கேஸ்', 'ஷார்ட் பிரிசர்வ் கேஸ்' இரண்டும் 'நோ'. பெயர் மாற்றாமல் இதைச் செய்தால் பெரிய எழுத்துள்ள கோப்புகள் கண்ணுக்குத் தெரியும், திறக்காது.

மேக் கணினிகளுக்காக, சாம்பாவில் துணைக்கூறுகளைச் சேர்க்கும் 'விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ்' வரியில் 'கேட்டியா', 'ஃப்ரூட்', 'ஸ்ட்ரீம்ஸ்_எக்ஸ்ஆட்டர்' மூன்றையும் இதே வரிசையில், எல்லாப் பங்குகளுக்கும் பொதுவான குளோபல் பகுதியில் எழுதுங்கள். ஒரு பங்கில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் விடக்கூடாது. ஃப்ரூட் இருந்தால் மேக்கின் ஃபோல்டர் காட்டும் செயலியான ஃபைண்டர் கேட்கும் விவரங்கள் பட்டியலோடு சேர்ந்தே போகும்.

ரோஸ் நிறத்துக்கு வருவோம். டெக்ஸ்சர் கோப்பு கிடைக்காதபோதுதான் பிளெண்டர் அந்த நிறத்தைக் காட்டும். என்எஃப்எஸ் வழியாகப் பார்க்கும் லினக்ஸுக்கு எழுத்து வேறுபட்டால் கோப்பே இல்லை. அதைவிட ஒளிந்திருப்பது தமிழ்ப் பெயர். 'கோணேஸ்வரம்' என்பதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது; லினக்ஸுக்கு அவை வெவ்வேறு கோப்புகள். கோப்புப் பெயர்களை மாற்றும் 'கன்வ்எம்வி' கருவியை, ஒரே குறியீடாகச் சேர்க்கும் 'என்எஃப்சி' தெரிவோடு ஓட்டினால் பழையவை சீராகும். 'நோடெஸ்ட்' சேர்க்காதவரை அது எதையும் மாற்றாது, பட்டியலை மட்டுமே காட்டும். முதலில் அப்படியே ஓட்டிப் பாருங்கள். இனிமேல் வேலைக் கோப்புகளுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் போதும். பிளெண்டரில் 'எக்ஸ்டர்னல் டேட்டா' மெனுவில் பாதைகளைச் சார்புப் பாதைகளாக்குங்கள் (பிளெண்டர் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடுபவை). விண்டோஸில் டெக்ஸ்சர் வேறொரு டிரைவ் எழுத்தில் இருந்தால் இது பலிக்காது. வேலையும் டெக்ஸ்சரும் ஒரே பங்கில் இருக்கட்டும்.

லினக்ஸையும் என்எஃப்எஸ்ஸிலிருந்து, சாம்பா பயன்படுத்தும் எஸ்எம்பி 3.1.1க்கு மாற்றுவதே என் பரிந்துரை. விண்டோஸ் தன்னிடம் கோப்பின் நகலை வைத்துக்கொள்ளச் சாம்பா அனுமதி கொடுக்கிறது. என்எஃப்எஸ் வழியாக வேறொருவர் அதை மாற்றினால் விண்டோஸ் பழையதையே காட்டக்கூடும். என்எஃப்எஸ் கட்டாயம் வேண்டுமென்றால் அந்தப் பங்கில் 'ஆப்லாக்ஸ்' என்ற இந்த அனுமதியை நிறுத்துங்கள், வேகம் குறையும்.

பழைய வழிகாட்டிகளிலுள்ள 'சாக்கெட் ஆப்ஷன்ஸ்' வரியைச் சேர்க்கவே வேண்டாம். பஃபர் (தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவிடம்) அளவை அது ஓரிடத்தில் கட்டிப்போடும், லினக்ஸ் தானே சீர்செய்வதைத் தடுக்கும். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் நம்ப வேண்டாம். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு அதை மறுக்கும். ஒவ்வொருவருக்கும் பயனர் கணக்கு போடுங்கள்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து சாம்பாவின் 'டெஸ்ட்பார்ம்' கட்டளை மூலம் அமைப்புக் கோப்பைச் சரிபாருங்கள். மேக்கிலும் விண்டோஸிலும் பங்கைத் துண்டித்து மீண்டும் இணைத்த பிறகே சோதியுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பில் ஃப்ரூட் போன்ற மாற்றங்கள் பிடிக்காது.