ஐந்து பிரூவரி வேண்டாம், இரண்டு போதும்: எர்லாங்கனிலிருந்து பாம்பெர்க் வரை சைக்கிளும் பியரும்

கேள்வி: நானும் கணவரும் ஜெர்மனியில் எர்லாங்கனில் வேலை பார்க்கிறோம். மே மாதக் கடைசியில் இன்னொரு ஜோடியோடு சேர்ந்து பாம்பெர்க் வரை சைக்கிளில் போக ஆசை. வழியில் ஐந்து பிரூவரிகளில் (பியர் காய்ச்சும் ஆலைகளில்) நின்று, ஒவ்வொன்றிலும் ஆளுக்கு அரை லிட்டர் உள்ளூர் பியர் குடிப்பது திட்டம். சைக்கிளுக்கு 1.6 வரை பிரச்சினை இல்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா? எங்களில் ஒருவர் குடிக்கமாட்டார், இருவர் சைவம். நாங்கள் யாரும் பெரிய சைக்கிள் வீரர்கள் இல்லை. எப்படித் திட்டமிடலாம்?

பதில்: நல்ல பாதையைத்தான் பிடித்திருக்கிறீர்கள். பல வருடங்களாக நான் ஓட்டும் பாதை இது, இன்னும் சலிக்கவில்லை. திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். ஐந்து நிறுத்தத்தை இரண்டாக்குங்கள். நடுவழியில் லேசாக ஒன்று. மனசாரக் குடிக்கிற பியர், பாம்பெர்க் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய இடத்தில், சைக்கிள் வேலை முழுக்க முடிந்த பிறகு. ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில் அந்த 1.6. ரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 பங்கு ஆல்கஹால் என்பது, சைக்கிள் ஓட்டுகிறவர் எப்படி ஓட்டினாலும் குற்றம் என்று ஜெர்மன் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் அளவு. அதற்குக் கீழே எல்லாம் சரி என்று அதற்குப் பொருள் இல்லை. 0.3 தாண்டியதுமே, நீங்கள் தள்ளாடி ஓட்டினாலோ, சிக்னலைத் தவறவிட்டாலோ, விபத்தில் சிக்கினாலோ அதே குற்றப் பிரிவில் வழக்கு வரலாம். ஆகவே நீங்கள் மனதில் வைக்க வேண்டிய எண் 0.3. 1.6-ஐத் தொட்டுவிட்டால் அபராதத்தோடும் முடியாது. கார் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம் உங்களை மருத்துவ-உளவியல் பரிசோதனைக்கு அனுப்பும். இங்கே எல்லோரும் பயப்படும் எம்.பி.யு. இதுதான். அதில் தேறாவிட்டால் சைக்கிளில் செய்த தவறுக்குக் கார் லைசென்ஸ் போய்விடும்.

இப்போது உங்கள் ஐந்து பியரைக் கணக்குப் போடுவோம். 5 சதவீத ஆல்கஹால் உள்ள அரை லிட்டர் பியரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 75 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ஏறக்குறைய 0.3 முதல் 0.4 வரை ஏற்றும். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 0.5 அருகே போகும், ஏனென்றால் பெண்கள் உடலில் நீரின் பங்கு குறைவு. உடல் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றுவது 0.1 முதல் 0.15 வரைதான். மதியம் தொடங்கி இரவுக்குள் ஐந்து குடித்தால், உங்கள் கணவர் 1-ஐச் சுற்றி நிற்பார். உங்களுக்கு அது 1.6-ஐத் தொட்டுவிடும் வாய்ப்பு உண்டு. ஒரே மேசையில் ஒரே அளவு குடித்த இருவருக்கு இவ்வளவு வித்தியாசம் வரும். ஆளுக்கு ஒன்று என்ற சமக்கணக்கு இதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

சைக்கிள் மிதித்து வியர்த்தால் போதை இறங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆல்கஹாலில் மிகப் பெரும் பங்கைக் கல்லீரல்தான் தன் வேகத்தில் எரிக்கிறது. வியர்வையிலும் மூச்சிலும் போவது மிகச் சிறிய பங்கு. வெயிலில் மிதித்து உடல் நீர் வற்றிய நிலையில் வெறும் வயிற்றில் குடித்தால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தலைக்கு ஏறும். முதல் அரை லிட்டர் எப்போதும் தண்ணீராக இருக்கட்டும். நான் இதில் கொஞ்சம் பிடிவாதக்காரன். என்னோடு வருகிறவர்களை, பாட்டிலைக் காலி செய்த பிறகுதான் பியர் சொல்ல விடுவேன்.

இன்னும் ஒன்று. வாடகை சைக்கிள் எடுப்பதாக இருந்தால், 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிடும் சாதாரண மின்சார சைக்கிள் சட்டப்படி சைக்கிள்தான். 45 வரை போகும் வகை மோட்டார் வாகனம். ரயில் நிலைய வாசலில் வாடகைக்கு நிற்கும் மின்சார ஸ்கூட்டரும் மோட்டார் வாகனமே. அதற்குக் காருக்கு உள்ள 0.5 வரம்பு பொருந்தும், புதிதாக லைசென்ஸ் எடுத்துச் சோதனைக் காலத்தில் இருப்பவருக்குப் பூஜ்யம். சைக்கிளைப் பொறுப்பாகப் பூட்டிவிட்டு, வீட்டுக்குப் போக அந்த ஸ்கூட்டரில் ஏறி மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் நீங்கள் பாதசாரி, எந்தச் சிக்கலும் இல்லை. அதன் மேல் உட்கார்ந்து இறக்கத்தில் சும்மா உருண்டாலும் அது ஓட்டுவதுதான்.

சரி, பாதைக்கு வருவோம். ரெக்னிட்ஸ் ஆற்றை ஒட்டி நியூரம்பெர்க் பக்கமிருந்து பாம்பெர்க் வரை சைக்கிள் பாதை இருக்கிறது, இரண்டு கிளைகளாக. ஒன்று மைன்-டான்யூப் கால்வாய்க் கரையோடு போகும்: சமதளம், கார் கிடையாது, ஆனால் நேர்க்கோடு, எதிர்க்காற்று வந்தால் ஒதுங்க இடமில்லை. மற்றது பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போகும். எர்லாங்கனிலிருந்து ஃபோர்ஷ்ஹைம் வரை கால்வாய்க் கரையிலும், அதற்கப்புறம் ஊர்களுக்குள்ளும் போங்கள். மொத்தம் 45 கிலோமீட்டர் அளவுக்கு வரும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூன்று மணி நேர மிதிப்பு. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்துக்கு சைக்கிளில் போகிற யாருக்கும் இது முடியும். மெல்லிய ரேசிங் டயர் வேண்டாம், இடையிடையே சரளைப் பாதை உண்டு. வண்டியை முன்விளக்கு, பின்விளக்கோடு எடுத்துப் போங்கள். மே கடைசியில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், ஆனாலும் பேச்சில் நேரம் போவது தெரியாது.

வழியில் ஃபோர்ஷ்ஹைமைத் தாண்டும்போது அதன் மேட்டுக் காட்டைப் பாருங்கள். அந்த மண்ணுக்குள் மணற்பாறையைக் குடைந்து வரிசையாகப் பியர் நிலவறைகள் இருக்கின்றன. ஜூலைக் கடைசியில் அங்கே அன்னா திருவிழா நடக்கும். இந்த நிலவறைதான் இப்பகுதிப் பியர்ப் பழக்கத்தின் வேர் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். குளிர்சாதனம் வருவதற்கு முன், குளிரில் முதிரவைக்கும் லாகர் வகைப் பியரைக் கோடையில் கெடாமல் வைக்க இடம் தேவைப்பட்டது. மலைச் சரிவைக் குடைந்தார்கள். மேல்மண் சூடாகாமல் இருக்க அகன்ற இலை கொண்ட மரங்களை நட்டார்கள். நிழல் வந்தது, பியர் காலடியில் இருந்தது, மக்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நிலவறைக்கு ஜெர்மனில் "கெல்லர்" என்று பெயர். அதனால்தான் ஃபிராங்கோனியா என்ற இந்த வட பவேரியப் பகுதியில் யாரும் "கெல்லருக்குள் போகிறேன்" என்று சொல்வதில்லை, "கெல்லர் மேலே போகிறேன்" என்பார்கள். நம் ஊரில் ஆலமரத்தடித் திண்ணையில் சாயங்காலம் கூடுவது போன்ற கூட்டம் அது. குழந்தைகள் ஓடுவார்கள், தாத்தாக்கள் சீட்டாடுவார்கள். தெரியாதவர்கள் உங்கள் மேசையில் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

உங்கள் முதல் நிறுத்தம் ஃபோர்ஷ்ஹைமுக்கும் பாம்பெர்க்குக்கும் நடுவே இருக்கும் புட்டன்ஹைம். சின்ன ஊர்தான், ஆனால் சாங்க்ட் கியோர்கன், லோவன்பிராய் என இரண்டு பிரூவரிகள். ஜீன்ஸுக்குப் பெயர் கொடுத்த லீவை ஸ்ட்ராஸ் 1829-ல் பிறந்த ஊரும் இதுதான். அவர் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பல கெல்லர்கள் வார நாட்களில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும், மழை வந்தால் திறக்கவே மாட்டார்கள். அதனால் மதியம் ஒரு மணிவாக்கில் கிளம்புங்கள். சீக்கிரம் வந்துவிட்டால் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கிளம்பும் முன் அன்று விடுமுறை நாளா என்று போனில் கேட்டுவிடுங்கள், கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என்ன குடிப்பது? ராட்லர் சொல்லுங்கள். பியரில் பாதி, லெமனேடில் பாதி. பெயருக்கே "சைக்கிள்காரர்" என்றுதான் பொருள். 1922-ல் மியூனிக் அருகே ஒரு விடுதிக்காரர், வந்து குவிந்த சைக்கிள் கூட்டத்துக்குப் பியர் போதாமல் லெமனேடைக் கலந்து கொடுத்ததாகக் கதை சொல்வார்கள். அந்தச் சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. அரை லிட்டரில் சுமார் 10 கிராம் ஆல்கஹால்தான், அதாவது பாதிக் கணக்கு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுக் கிளம்பினால் பெரும்பகுதி இறங்கியிருக்கும். உள்ளூர்ப் பியரைக் கலக்காமல் ருசிக்காமல் போக மனமில்லை என்றால், கெல்லர்பியர் ஒன்றை வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். வடிகட்டாத பியர், கொஞ்சம் கலங்கலாக இருக்கும். முதிரும்போது தொட்டியை இறுக மூடாமல் வாயுவைக் கொஞ்சம் வெளியேற விடுவார்கள். அதனால் நுரைப்பும் குத்தலும் குறைவு, ரொட்டி வாசனையும் பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் முன்னால் வந்து நிற்கும். வயிற்றை உப்பவைக்காததால் மடமடவென்று இறங்கிவிடும், கவனம் தேவைப்படுவது அங்கேதான். உள்ளூரில் அரை லிட்டர் கோப்பைக்கு "சைட்லா" என்று பெயர். "இன்னும் கொஞ்சம் மட்டும்" என்று தோன்றினால் "ஷ்னிட்" கேளுங்கள்: பாதிக்குச் சற்று மேலே ஊற்றி மீதியை நுரையால் நிரப்பித் தருவார்கள்.

குடிக்காத நண்பருக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஷோர்லே எங்கும் கிடைக்கும். ஆல்கஹால் இல்லாத கோதுமைப் பியரும் நல்லது, இங்கே ஓட்டப்பந்தயம் முடிந்து வருகிறவர்களுக்கே அதைக் கொடுப்பார்கள். ஆனால் ஜெர்மனியில் "ஆல்கஹால் இல்லாத" என்ற சீட்டோடு 0.5 சதவீதம் வரை இருக்கலாம். மத நம்பிக்கையாலோ மருந்தாலோ அவர் தவிர்க்கிறார் என்றால் 0.0 என்று அச்சிட்டதைப் பாருங்கள்.

சைவர்களுக்கு நல்ல செய்தி. பவேரியப் பியர்த் தோட்டங்களில் சொந்தச் சாப்பாடு கொண்டுவந்து சாப்பிடுவது பழைய வழக்கம். 1812-ல் மியூனிக் பிரூவரிகளுக்கு நிலவறையில் பியர் விற்க அனுமதி கொடுத்த அரசர், ரொட்டி தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்றார். மக்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். ஃபிராங்கோனியாவின் பல கெல்லர்களிலும் இது நடக்கும், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிரித்து வையுங்கள். குடிப்பது மட்டும் அவர்களிடம் வாங்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் வழக்கமாக வரும். கசப்பான கெல்லர்பியருக்குப் புளியும் நல்லெண்ணெயும் இவ்வளவு பொருந்தும் என்று சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அங்கேயே வாங்குவதானால் "கெருப்ஃப்டர்" நல்லது. மென்மையான சீஸில் வெங்காயமும் பாப்ரிகாத் தூளும் பிசைந்தது, முள்ளங்கியோடும் முறுக்கு வடிவ ரொட்டியான பிரெட்சலோடும் வரும். உருளைக்கிழங்கு சாலட்டை மட்டும் விசாரித்துச் சாப்பிடுங்கள், பல இடங்களில் அதை இறைச்சிச் சாற்றில்தான் ஊறவைக்கிறார்கள். உருளைக்கிழங்கு உருண்டையோடு வரும் குழம்பும் இறைச்சிக் குழம்புதான்.

புட்டன்ஹைமிலிருந்து பாம்பெர்க் 15 கிலோமீட்டர் அளவு. இந்தக் கடைசித் துண்டில்தான் என் நண்பர் ஒருவர் இரண்டாவது சைட்லாவுக்குப் பிறகு சரளையில் திரும்பும்போது விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வேகமும் இல்லை, எதிரே எந்த வண்டியும் இல்லை, வெறும் ஒரு வளைவு. அன்றிலிருந்து நடுவழியில் முழு பியர் என்பதை நான் நிறுத்திவிட்டேன்.

பாம்பெர்க்கில் எல்லோரும் ஷ்லெங்கர்லா என்ற பிரூவரிக்குத்தான் போவார்கள். பழைய நகருக்குள் இருக்கிறது, பார்க்க வேண்டிய இடம், ஆனால் உங்கள் திட்டத்துக்கு நான் சொல்வது ஸ்பெட்சியால் என்ற பிரூவரி. 1536 முதல் இயங்குகிறது, ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. நேர் எதிரே 1649-ல் தொடங்கிய ஃபெஸ்லா. சைக்கிளைப் பூட்டுங்கள், இனி ஏறப்போவதில்லை. ஸ்பெட்சியாலில் புகைப் பியர் சொல்லுங்கள். முளைவிட்ட பார்லியைப் பீச் மரத் தீயின் புகையில் காயவைப்பதால் வரும் மணம் அது. முதல் வாய்க்குப் புகை போட்ட கருவாட்டு வாசனை போலத் தோன்றி முகம் சுளிக்கும், பாதிக் கோப்பையில் பழகிவிடும். ஷ்லெங்கர்லாவின் புகை அழுத்தமானது, ஸ்பெட்சியாலில் மென்மையானது. முதல்முறை குடிக்கிறவருக்கு அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஃபெஸ்லாவின் அடர்நிறப் பியர் 6 சதவீதம். இலையுதிர் காலத்தில் வந்தால் போக் என்ற வலுவான பியர் வகைகள் இன்னும் கனமாக இருக்கும், ஒன்றை ஒன்றரையாகக் கணக்கிடுங்கள்.

திரும்ப எஸ்1 ரயில், எர்லாங்கன் முக்கால் மணி நேரம்போல. நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் சைக்கிள் அடங்காது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும். இந்தத் தடத்தில் சில வார இறுதிகளில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தி மாற்றுப் பேருந்து விடுவார்கள், அதில் பொதுவாக சைக்கிளை ஏற்றமாட்டார்கள். முந்தின நாள் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ரயில் இல்லையென்றால் பயணத்தைத் திருப்பிப் போடுங்கள்: காலையில் ஃபோர்ஷ்ஹைம் வரை போய்ச் சுற்றிவிட்டு எர்லாங்கனுக்கே திரும்பி, வீட்டுப் பக்கத்தில் குடியுங்கள்.

ஒரே நாளில் பல பிரூவரிகளைப் பார்க்கும் ஆசை தீரவில்லை என்றால், அதற்கு சைக்கிள் வேண்டாம், கால் போதும். பாம்பெர்க்குக்குக் கிழக்கே ஆஃப்செஸ் என்ற ஊராட்சி. 1,500 பேர்கூட இல்லை, நான்கு பிரூவரிகள், கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற ஊர். நான்கையும் இணைத்து சுமார் 14 கிலோமீட்டர் நடைப்பாதை போட்டிருக்கிறார்கள்.  அதைத் தனியாக இன்னொரு சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.